குறி சுடாத மாடும் விலை இல்லாப் புகையும்

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் பெருவீதியில், முருங்கனுக்கும் மன்னாருக்கும் இடையே அமைந்தது உயிலங்குளம். அருவியாற்றின் நீரைத் தேக்கம் என்னும் அணையிலே மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குக் கொணர்ந்து, அங்கிருந்து சிறு குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் பகிர்ந்து நெல் விளைக்கும் நாடு அது. இத்தகைய நாட்டில் ஒவ்வொரு போகத்துக்கும் முன்பாகக் கமக்காரர் கூட்டம் கூடுவது வழக்கம். எந்நாளில் தண்ணீர் திறப்பது, எந்நாளுக்குள் விதைத்து முடிப்பது என்பவற்றோடு, எந்நாளுக்குள் மாடுகளை வயற்பரப்பிலிருந்து அப்புறப்படுத்துவது என்பதும் அங்கே முடிவாகும். அந்நாளுக்குப் பின் கட்டாக்காலி மாடு வயலில் இறங்கிப் பயிரை மேய்ந்துவிட்டால், மாட்டுக்கு உடையவர் அழிவுக்கு ஈடு செலுத்த வேண்டும். மாடு யாருடையது என்பதை அதன் உடலிற் சுட்ட குறி காட்டிக் கொடுக்கும்.

இஃது ஒரு சிறிய ஏற்பாடு. ஆயினும் இதனுள்ளே பெரியதொரு நீதி அடங்கியிருக்கின்றது. மாட்டின் பாலை அருந்துபவர் ஒருவர், அதன் மேய்ச்சலால் வரும் நட்டத்தைச் சுமப்பவர் வேறொருவர் என்று இருத்தல் ஆகாது என்பதே அந்நீதி. இன்று உலகத்து அரசுகளும் பொருளியல் அறிஞரும் ‘காபன் விலை’ என்ற பெயரிலே பேசிவரும் விடயம், உண்மையில் இந்தக் கட்டாக்காலி நீதியேயன்றி வேறன்று. மின்நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து எழும் காபனீரொட்சைட்டு, எவருடைய குறியும் இல்லாத மாடாக உலகம் முழுவதும் அலைகின்றது. அது மேய்ந்த பயிருக்கு ஈடு கேட்க எவரும் இல்லை.

இவ்விடயம் மன்னார் மக்களுக்கு வெறும் ஏட்டுக் கல்வியன்று. அவர்களுடைய கடலின் அடியிலே இயற்கைவாயு கிடக்கின்றது. அவர்களுடைய தீவின் கரையிலே காற்றாலைகள் சுழல்கின்றன. தெற்கே புத்தளக் கரையிலே நாட்டின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையம் புகைகின்றது. இம்மூன்றுள் எதை எவ்வளவு பயன்படுத்துவது என்பதை நிச்சயிப்பதிலே, புகைக்கு விலை உண்டா இல்லையா என்ற கேள்வி பெரும்பங்கு கொள்கின்றது. ஆகவே அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

கடலடியில் ஒரு செல்வம்

மன்னார்ப் படுகை எனப்படுவது இலங்கையின் மேற்குக் கரைக்கும் இந்தியாவின் தென்கோடிக்கும் இடையே ஆழ்கடலின் கீழுள்ள படிவுப் பாறைப் பரப்பாகும். 2008ஆம் ஆண்டில் அங்கே எண்ணெயும் வாயுவும் தேடும் உரிமை ‘கெயின் லங்கா’ நிறுவனத்துக்கு வழங்கப்பெற்றது. ‘சிக்யு’ என்னும் ஜப்பானியத் துளையிடு கப்பல் 2011இல் வந்து வேலை தொடங்கியது. ஏறத்தாழ 1,350 மீற்றர் ஆழமான நீரைக் கடந்து, கடல்மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்கும் கீழே அது துளைத்துச் சென்றபோது, அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்தில் இயற்கைவாயு கண்டறியப்பட்டது. அக்கிணற்றுக்கு ‘டொராடோ’ என்று பெயர். அடுத்த மாதமே ‘பரக்கூடா’ என்ற இரண்டாவது கிணற்றிலும் வாயு கிடைத்தது. இரண்டும் மீன்களின் பெயர்கள். பரக்கூடா என்பது நம் கடற்றொழிலாளர் சீலா என்று அழைக்கும் மீனேயாகும்.

இத்துணை நற்செய்திக்குப் பின்பும் அந்த வாயுவில் ஒரு விளக்கேனும் எரிந்ததில்லை. 2015இல் அந்நிறுவனம் விலகிச் சென்றது. ஆழ்கடலிலிருந்து வாயுவைக் குழாய் மூலம் கரைசேர்ப்பதற்குப் பெருமுதல் வேண்டும். அம்முதலை இடுபவன், இருபது முப்பது ஆண்டுகளுக்கு அவ்வாயுவை வாங்க ஆள் உண்டா என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு விடையளிக்க வேண்டியவை, வாயுவை எரித்து மின்சாரம் ஆக்கும் சுழலி நிலையங்களே.

அத்தகைய நிலையங்களைக் காண நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. மன்னாருக்கு எதிர்க்கரையாகிய இராமநாதபுரம் மாவட்டத்திலே, வழுதூரில், அம்மாவட்டத்துக் கிணறுகளில் எடுக்கும் வாயுவைக் கொண்டே இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாயுச்சுழலி நிலையம் நடைபெற்று வருகின்றது. காவிரிப் படுகையில் குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் அவ்வாறே சிறு நிலையங்கள் எழுந்தன. இலங்கையிலோ நிலைமை விசித்திரமானது. கொழும்புக்கு அருகே களனிதிஸ்ஸவில் வாயுச்சுழலிகள் உண்டு. கெரவலப்பிட்டியில் 300 மெகாவாற்று வலுவுள்ள ‘யுகதனவி’ நிலையம் 2010இல் நிறைவெய்தியது. அதனருகே 350 மெகாவாற்று ‘சோபாதனவி’ நிலையத்தின் முதற்கட்டம் 2024இல் இயங்கத் தொடங்கியது. இயற்கைவாயு வரும் என்ற எதிர்பார்ப்புடன் அமைந்த கெரவலப்பிட்டி நிலையங்கள், வாயு வராமையால் எண்ணெயையே எரித்து வந்தன. நெல் அரைக்க வாங்கிய ஆலையிலே மரவள்ளி அரைத்த கதை இது.

கொடியடுப்பின் தத்துவம்

வாயுச்சுழலி என்பது யாது? ஆகாயவிமானத்தின் பொறியைப் பார்த்தவர்கள் அதனைப் பாதி அறிந்தவர்களே. அதில் மூன்று பகுதிகள் உண்டு. முதற்பகுதியாகிய அமுக்கி, வெளிக்காற்றை இழுத்து இறுக்குகின்றது. இரண்டாவதாகிய தகனவறையில், இறுகிய காற்றுடன் வாயு கலந்து எரிகின்றது. எரிந்து கொதித்து விரிந்த வாயுக்கள் மூன்றாம் பகுதியாகிய சுழலியின் அலகுகளை மோதிச் சுழற்றுகின்றன. சுழலும் அச்சிலே மின்பிறப்பாக்கி பூட்டப்பட்டிருக்கும். நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் வேலை இங்கே இல்லை. ஆதலால் நிலக்கரி நிலையம் குளிர்ந்த நிலையிலிருந்து முழுவலு பெறப் பல மணி நேரம் எடுக்க, வாயுச்சுழலி சில நிமிடங்களில் எழுந்துவிடும்.

இதனை 1791ஆம் ஆண்டிலேயே ஜோன் பார்பர் என்ற ஆங்கிலேயர் மனத்தாற் கண்டு காப்புரிமையும் பெற்றார். ஆயினும் ஊருக்கு மின்சாரம் வழங்கும் முதலாவது வாயுச்சுழலி எழுவதற்கு 1939ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. சுவிற்சர்லாந்தின் நியூசாதெல் நகரில் ‘பிரவுண் பொவேரி’ நிறுவனம் அதனை அமைத்தது. இவ்வளவு காலம் ஏன் சென்றது என்பதற்கு அப்பொறியின் கணக்கே விடை தரும். அதன் சுழலி ஆக்கிய வலு 15,400 கிலோவாற்று. அதில் 11,400 கிலோவாற்றை அமுக்கி உண்டுவிட்டது. மின்சாரமாக எஞ்சியது 4,000 கிலோவாற்று மாத்திரமே. உழைப்பில் முக்காற்பங்கைத் தன் வயிற்றுக்கே செலவிடும் வேலையாளைப் போல அது இருந்தது. எரிபொருளின் வெப்பத்தில் 17 வீதமளவே மின்சாரமாயிற்று.

அன்று தொடங்கிய பொறி இன்று வெகுதூரம் வந்துவிட்டது. தனித்து ஓடும் சிறந்த வாயுச்சுழலி இன்று எரிபொருள் வெப்பத்தில் 40 வீதமளவை மின்சாரமாக்கும். இதற்கு மேலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் வீடுகளில் பெரிய அடுப்பின் அருகே கொடியடுப்பு என்று ஒன்று இருக்கும். தாயடுப்பில் சோறு வேகும்போது, மிஞ்சிச் செல்லும் சுவாலை கொடியடுப்பின் வழியே புகுந்து பாலையோ குழம்பையோ காய்ச்சிவிடும். கூடுதல் விறகு இல்லை. சுழலியை விட்டு வெளியேறும் புகையும் 500, 600 பாகை செல்சியசு வெப்பத்துடனேயே செல்கின்றது. அதனை வீணாக்காது ஒரு கொதிகலத்தைச் சூடாக்கி, பிறக்கும் நீராவியால் இன்னொரு சுழலியைச் சுழற்றுகின்றனர். இதுவே கூட்டுச்சுற்று நிலையம். இன்றைய சிறந்த கூட்டுச்சுற்று நிலையங்கள் எரிபொருள் வெப்பத்தில் 60 வீதத்துக்கும் மேலானதை மின்சாரமாக்குகின்றன. நம் பாட்டிமார் மண்ணால் செய்து முடித்ததைப் பொறியியலாளர் இரும்பால் செய்தனர் என்று கூறினும் பிழையாகாது.

புகையை நிறுத்துப் பார்த்தல்

இனி, மாணாக்கர் தமது கொப்பியை எடுத்துக்கொள்ளலாம். காபன் அணுவின் நிறை 12. அது எரியும்போது காற்றிலிருந்து நிறை 16 கொண்ட ஒட்சிசன் அணுக்கள் இரண்டைச் சேர்த்துக்கொள்கின்றது. 12 கிலோ காபன் எரிந்தால் 44 கிலோ காபனீரொட்சைட்டு பிறக்கும். எரிந்த பொருளைவிடப் புகை பாரமாக இருத்தல் வியப்பன்று.

நிலக்கரியின் பெரும்பகுதி காபன். இயற்கைவாயுவின் பெரும்பகுதியாகிய மெதேனிலோ ஒரு காபன் அணுவுக்கு நான்கு ஐதரசன் அணுக்கள் உண்டு. ஐதரசன் எரிந்தால் வெறும் நீராவி. ஆகவே அதே வெப்பத்துக்கு வாயு கக்கும் காபனீரொட்சைட்டு குறைவு. கூட்டுச்சுற்றின் சிக்கனமும் சேரும்போது வேறுபாடு இன்னும் பெருகும். ஒரு யூனிற் மின்சாரத்துக்கு நிலக்கரி நிலையம் ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது. எண்ணெய் நிலையம் முக்காற் கிலோ அளவிலும், இயற்கைவாயுக் கூட்டுச்சுற்று நிலையம் 0.4 கிலோ அளவிலும் விடுகின்றன. நுரைச்சோலையிலே 2011 முதல் 2014 வரை படிப்படியாக எழுந்த ‘லக்விஜய’ நிலையத்தின் வலு 900 மெகாவாற்று. அது முழு அளவில் ஓடினால், மணிக்கு ஏறக்குறைய 900 தொன் காபனீரொட்சைட்டு வானில் ஏறும்.

ஆயின் வாயுவைத் தூய எரிபொருள் என்று போற்றிவிட்டு உறங்கிவிடல் ஆகாது. எரியாமற் கசியும் மெதேன், காபனீரொட்சைட்டைவிட இருபது ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கிணற்றிலும் குழாயிலும் நூற்றுக்குச் சில பங்கு கசிந்தாலே நிலக்கரியைவிட வாயு நல்லது என்ற பெருமை கரைந்துவிடும். புகைக்கு விலை வைப்பவர்கள் கசிவுக்கும் விலை வைத்தல் வேண்டும்.

விலை என்ன செய்யும்?

பிறருக்கு இழைக்கும் நட்டத்துக்கு வரி விதித்து, அதனைச் செய்பவரே உணரும்படி செய்யலாம் என்ற கருத்தை 1920இல் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஆதர் பிகூ விளக்கினார். புகைபோக்கியின் புகை அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. 1990இல் பின்லாந்தும், 1991இல் சுவீடனும் காபனுக்கு வரி விதித்தன. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு வழியை மேற்கொண்டது. மொத்தம் இவ்வளவு தொன்னுக்கு மேல் வெளிவிடலாகாது என்று வரம்பு கட்டி, அவ்வளவுக்குச் சீட்டுகள் வழங்கி, அச்சீட்டுகளை வாங்கவும் விற்கவும் விடுவதே அவ்வழி. குளத்தில் உள்ள நீரை அளந்து முறை வகுத்தபின், ஒருவர் தம் முறையை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதைப் போன்றது அது. 2021இல் சீனாவும் மின்நிலையங்களை முதலாகக் கொண்டு இவ்வகைச் சந்தையைத் தொடங்கிற்று. இன்று உலகத்து வெளியேற்றத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு ஏதேனுமொரு விலைக்கு உட்பட்டிருக்கின்றது.

விலை வைத்தால் மின்நிலையத்தில் நிகழ்வதென்ன? உதாரணமாக, நிலக்கரியால் ஒரு யூனிற் ஆக்க 20 ரூபாவும், வாயுவால் ஆக்க 24 ரூபாவும் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். மலிவானதையே முதலில் ஓட்டுவது மின்துறையின் விதி. எனவே நிலக்கரி ஓடும், வாயு காத்திருக்கும். இப்பொழுது ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு 8,000 ரூபா விலை வைப்போம். அப்படியானால் ஒரு கிலோவுக்கு 8 ரூபா. நிலக்கரி யூனிற் 28 ரூபாவாகும். வாயு யூனிற் 27 ரூபா 20 சதமாகும். வரிசை மாறிவிட்டது. எவரையும் தடை செய்யாமல், எந்த நிலையத்தையும் பூட்டாமல், கணக்கே புகையைக் குறைக்கின்றது. எதனையும் எரிக்காத காற்றாலையோ, விலை உயர உயர மேலும் முன்னுக்கு வருகின்றது.

இது கற்பனைக் கணக்கானாலும் பிரித்தானியாவில் மெய்யாக நிகழ்ந்தது. 2012இல் அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 40 வீதம் நிலக்கரியாற் பிறந்தது. 2013இல் ஐரோப்பியச் சந்தை விலைக்கு மேலாக அந்நாடு தன் மின்நிலையங்களுக்கு ஒரு தனிக்கட்டணத்தை விதித்து, பின்னர் அதனை ஒரு தொன்னுக்கு 18 பவுணாக உயர்த்தியது. நிலக்கரியின் இடத்தை முதலில் வாயுச்சுழலிகளும், பின்பு காற்றாலைகளும் பிடித்தன. 2024 செப்ரெம்பர் 30ஆந் திகதி கடைசி நிலக்கரி நிலையம் மூடப்பட்டது. 1882இல் இலண்டனில் மூட்டிய நிலக்கரி மின்சார அடுப்பு, 142 ஆண்டுகளுக்குப் பின் அணைந்தது.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரும் கவனிக்கத்தக்கது. அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 95 வீதம் இயற்கைவாயுச் சுழலிகளிலிருந்தே வருகின்றது. 2019இல் ஒரு தொன்னுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளியாக அங்கு தொடங்கிய காபன் வரி, 2024இல் 25 ஆகவும், 2026இல் 45 ஆகவும் உயர்த்தப்பட்டது. உயரும் என்பதை ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்துவிட்டே உயர்த்தினர். மின்கட்டணம் கூடும் என்பதால் குடியிருப்புகளிலுள்ள குடும்பங்களுக்குக் கழிவுத் தொகையும் வழங்கினர்.

யார் தலையில் விழும்?

ஈண்டுதான் இல்லத்தரசியர் நம்மை இடைமறித்து, “புகைக்கு விலை என்கிறீர்களே, அந்த விலையைப் புகைபோக்கியா கொடுக்கப் போகிறது? எங்கள் மின்பட்டியலில் அல்லவா அது வந்து நிற்கும்?” என்று கேட்பார்கள். இக்கேள்வியை அலட்சியம் செய்த அரசுகள் தோற்றுப்போயின. அவுஸ்திரேலியா 2012இல் காபன் விலையைக் கொணர்ந்து 2014இல் கைவிட்டது. பிரான்சில் 2018இல் எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் அங்கி அணிந்தோர் தெருவுக்கு வந்தனர். கனடாவில் 2019 முதல் வரியைத் திரட்டிக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஆயினும் கொடுத்தது மக்கள் மனத்திற் பதியவில்லை, பெற்றோல் நிலையத்தில் பறித்ததே பதிந்தது. 2025 ஏப்ரலில் பாவனையாளருக்கான அக்கட்டணம் நீக்கப்பட்டது. இலங்கையிலும் 2019இல் மோட்டார் வாகனங்களுக்குக் காபன் வரி என்று ஒன்று வந்து, ஆட்சி மாறியதும் மறைந்தது. அவ்வரி வாகனத்தின் பொறியளவையும் வயதையும் பார்த்ததேயன்றி, ஓடிய தூரத்தையோ விட்ட புகையையோ பார்க்கவில்லை. வீட்டில் நிறுத்திய வாகனத்துக்கும் ஓடியலைந்த வாகனத்துக்கும் ஒரே வரி என்றால், அது மேயாத மாட்டுக்கும் தண்டம் கேட்பதாகும்.

இலங்கைக் குடும்பங்கள் மின்கட்டணத்தின் சுமையை அண்மையில் நன்கு உணர்ந்தவை. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் எரிபொருளின்றி நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்ந்தது. இவ்வுயர்வில் மிகக் குறைந்த அளவு பாவிக்கும் ஏழைகளின் பட்டியலே பல மடங்காயிற்று. அந்த அனுபவத்தின் பின் ‘இன்னுமொரு விலை’ என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் அஞ்சுவது இயல்பே.

ஆகவே, விலை வைப்பதைவிடத் திரண்ட பணத்தை என்ன செய்வது என்பதே முதன்மையான கேள்வி. ஒரு சிறிய ஊரை எண்ணிக்கொள்வோம். அங்கே பத்து வீடுகள். ஒன்பது வீடுகள் மாதம் 60 யூனிற் பாவிப்பவை. ஒரு வீட்டில் குளிரூட்டியும் பிறவும் உண்டு. அதன் பாவனை 600 யூனிற். காபன் விலையால் யூனிற்றுக்கு 1 ரூபா 50 சதம் கூடுகின்றது என்க. ஒன்பது வீடுகளும் தலைக்கு 90 ரூபா வீதம் 810 ரூபாவும், பெரிய வீடு 900 ரூபாவும் கூடுதலாகச் செலுத்தும். மொத்தம் 1,710 ரூபா. இதனைப் பத்து வீட்டுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 171 ரூபா கிடைக்கும். 90 ரூபா கொடுத்த குடும்பம் 171 ரூபா பெறுகின்றது. இலாபம் 81 ரூபா. ஊரிலே புகை குறைவாக எழுப்பியவருக்கு, அதிகம் எழுப்பியவர் ஈடு கொடுத்துவிட்டார். அதேவேளை, எவர் பத்து யூனிற்றைக் குறைத்தாலும் 15 ரூபா மிச்சம் என்பதால் சிக்கனத்துக்கும் தூண்டுதல் குன்றவில்லை. கட்டாக்காலித் தண்டம் பயிரிழந்தவன் கைக்குப் போய்ச் சேர்வது போன்றதே இது. அத்தண்டம் வேறு எவர் பெட்டியிலோ விழுந்து மறைந்தால், கமக்காரனுக்கு மாடும் பகை, தண்டமும் பகை.

மன்னார்க் கணக்கு

இவ்வளவையும் மனத்திற் கொண்டு மீண்டும் மன்னாருக்கு வருவோம். பாலம் கடந்து தீவினுட் சென்றால், தென்கரையோரத்திலே ‘தம்பபவனி’ நிலையத்தின் 30 காற்றாலைகளைக் காணலாம். மொத்த வலு ஏறத்தாழ 103 மெகாவாற்று. 2020 டிசெம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவை சளையாது சுழலும். காற்று ஓய்ந்த மாதங்களிலோ ஓய்ந்து நிற்கும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம். காற்றில்லாதபோது விளக்கெரிப்பது எவ்வாறு? இங்கேதான் வாயுச்சுழலிக்கு மெய்யான பயன் தென்படுகின்றது. சில நிமிடங்களில் எழுந்து, காற்று வந்ததும் ஒதுங்கிக்கொள்ளும் துணைவனாக அது இருக்கலாம். எசமானாக அல்ல.

ஆயினும் காற்றாலைக்கும் நட்டக் கணக்கு இல்லாமற் போகவில்லை. மன்னார்த் தீவு, மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் தங்கும் நிலம். வெள்ளநீர் வடியும் வழிகள் அடைபடுகின்றன, கடற்றொழில் பாதிப்புறுகின்றது என்று தீவு மக்கள் முறையிட்டு, 2025ஆம் ஆண்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராகப் போராட்டமும் நடத்தினர். அவ்வாண்டு பெப்ரவரியில் மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்கவிருந்த இந்தியாவின் அதானி நிறுவனமும் திட்டத்திலிருந்து விலகியது. புகைக்கு விலை வைத்தால் காற்றாலை இலாபமாகும் என்பது மெய். அதனால் மன்னார்க் கரையில் மேலும் பல கோபுரங்களை நடும் ஆசையும் பெருகும் என்பதும் மெய். கொழும்பிலே எரியும் விளக்குக்கு மன்னாரிலே நிலம் கொடுப்பவரின் நட்டம் அக்கணக்கில் வராவிட்டால், ஒரு கட்டாக்காலியைக் கட்டிவிட்டு இன்னொன்றை அவிழ்த்து விட்டவர்களாவோம்.

கடலடி வாயுவுக்கும் இதே அளவுகோலைப் பிடிக்க வேண்டும். இலங்கை 2030க்குள் தன் மின்சாரத்தில் 70 வீதத்தை மீளப்புதுப்பிக்கத்தக்க வழிகளாற் பெறுவதாகவும், புதிய நிலக்கரி நிலையங்கள் அமைப்பதில்லை என்றும், 2050க்குள் காபன் சமநிலை எய்துவதாகவும் உலகுக்கு வாக்களித்திருக்கின்றது. ஆழ்கடற் கிணறும் குழாயும் அமைத்து வாயு கரையேறப் பல ஆண்டுகள் செல்லும். செலவிட்ட முதல் திரும்ப இன்னும் இருபது ஆண்டுகள் செல்லும். அதற்குள் உலகெங்கும் புகையின் விலை ஏறிவிட்டால், அன்று அவ்வாயு செல்வமா சுமையா என்பதை இன்றே கணக்கிட வேண்டும். இதற்கு வரி விதிக்கும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. புதிய நிலையத்தைத் திட்டமிடும்போதே, தொன்னுக்கு இவ்வளவு என்று ஒரு விலையைக் கணக்கேட்டிற் சேர்த்து, எது மலிவு என்று ஒப்பிடலாம். இதனை நிழல் விலை என்பர். எவர் பணப்பையிலிருந்தும் ஒரு சதம் போகாது. ஆயினும் தவறான நிலையத்தைக் கட்டிவிட்டு முப்பது ஆண்டு அழும் அழுகை மிச்சமாகும்.

வெளியுலகமும் காத்திராது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் எல்லையிலேயே காபன் கட்டணம் கோருகின்றது. இரும்பு, சீமெந்து, அலுமினியம், பசளை முதலியவற்றுக்கு இப்பொழுது அது பொருந்தும். நமது தேயிலையும் ஆடையும் அப்பட்டியலில் இல்லை. பட்டியல் நீளுமானால், நாம் நம் ஊரில் திரட்டாத வரியை அவர்கள் துறைமுகத்தில் திரட்டிக்கொள்வர். இந்தியா 2023இல் தனக்கென ஒரு காபன் வரவுச் சந்தைத் திட்டத்தை அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பயிர் இழப்பவன் பங்கு

கடைசியாக ஒன்று. இலங்கை வெளிவிடும் புகை உலகப் புகையில் ஒரு துளியளவே. நாம் எவ்வளவு அடக்கினாலும் பிறர் அடக்காவிட்டால் பயனில்லை என்று வாதிப்பவர் உண்டு. அவர்கள் கூறுவதில் உண்மையும் உண்டு. காற்று ஒரு பாகை செல்சியசு சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒருநாள் கொட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, அருவியாறு பெருகி மன்னார் மாவட்டத்தின் தாழ்நிலங்களுட் புகுந்தது. ஒரு புயலை ஒரு புகைபோக்கியோடு முடிச்சுப் போடுதல் விஞ்ஞானமாகாது. ஆயினும், இத்தகைய பெருமழைகளின் கொடுமையை வெப்பம் கூட்டுகின்றது என்பது விஞ்ஞானம். அந்த வெள்ளத்தில் நாற்றை இழக்கும் கமக்காரன் உலகத்தின் புகையில் எவ்வளவு எழுப்பியிருப்பான்? ஒரு மின்விளக்கு, ஒரு நீரிறைக்கும் பொறி, ஓர் உழவு இயந்திரம்.

புகைக்கு விலை வேண்டும் என்று உரத்துக் கேட்கும் உரிமை அவனுக்கே மற்றெவரிலும் அதிகம். பயிரை இழந்தவன் முறையிடாமல் இருந்தால் மாட்டுக்காரன் தானே வந்து ஈடு கொடுப்பதில்லை. பிறநாடுகளிடம் அவ்வீட்டைக் கேட்பதற்கு நாம் முதலில் நமது பட்டியைச் சரிசெய்து காட்ட வேண்டும். நுரைச்சோலையின் புகையை நிறுக்க வேண்டும். கெரவலப்பிட்டியின் எண்ணெயை நிறுக்க வேண்டும். மன்னாரின் வாயுவை எடுக்குமுன்னரே நிறுக்க வேண்டும். திரளும் பணம் சிறு குடும்பங்களின் பட்டியலிலும், நிலமும் கடலும் கொடுத்த ஊர்களின் நலனிலும் வெளிப்படையாகச் சேரவும் வேண்டும்.

இவை பெரிய சட்டசபைகளில் மாத்திரம் பேசத்தக்கன என்று எண்ண வேண்டா. உயர்வகுப்பு மாணாக்கர் தத்தம் வீட்டு மின்பட்டியலை எடுத்து, சென்ற மாதம் எத்தனை யூனிற், அதனை நிலக்கரி ஆக்கியிருந்தால் எத்தனை கிலோ புகை, வாயு ஆக்கியிருந்தால் எத்தனை, காற்று ஆக்கியிருந்தால் எத்தனை என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். பின்பு அத்தாளைத் தந்தையாரிடமும் தாயாரிடமும் காட்டட்டும். கண்ணுக்குத் தெரியாத மாட்டுக்குக் குறி சுடும் வேலை அந்தத் தாளிலேயே தொடங்கிவிடும்.